பாதுகாப்புக் கணக்கில் நம் பெயர் எங்கே?



2025-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெரிய போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு வந்து நின்றது. பிரிட்டிஷ் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல் அது. பெயர் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்'. அதைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்தார்கள். "பிரிட்டன் மறுபடியும் கிழக்கே வந்துவிட்டது. இனி இந்த வட்டாரத்துக்குப் பாதுகாப்பு உண்டு" என்றார்கள்.

இதே பெயருடைய வேறொரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1941-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி சிங்கப்பூருக்கு வந்தது. அன்றும் இதே மகிழ்ச்சி. அன்றும் இதே பேச்சு. எட்டு நாள் கழித்து, டிசம்பர் 10-ம் தேதி, அந்தக் கப்பலும் அதனுடன் சென்ற 'ரிப்பல்ஸ்' கப்பலும் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. சுமார் 840 மாலுமிகள் மாண்டார்கள்.

ஒரு பெயரைக் காட்டிப் பயமுறுத்த நாம் வரவில்லை. மாண்ட மாலுமிகளும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அவர்களைப் பழித்துப் பேசும் எண்ணமும் நமக்கில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறார்களே, அந்தக் கணக்குப் புத்தகத்தில் யார் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது?

செக்ரோல் சொல்லும் பாடம்

பெரட்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடியுமுன் கூட்டம், கிராணியார் கையில் செக்ரோல், பெயர் கூப்பிட்டதும் பதில் குரல். நாள் முழுதும் மரம் வெட்டிப் பால் சுமந்திருந்தாலும், செக்ரோலில் பெயர் விழாவிட்டால் சம்பள நாளில் வெறுங்கைதான். நான் உழைத்தேனே என்று அழுது பயனில்லை. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கேள்வி.

ராஜ்யங்களின் பாதுகாப்புத் திட்டமும் ஒரு கணக்குப் புத்தகமே. பிரிட்டனின் புத்தகத்தை 1921-ம் ஆண்டிலிருந்து புரட்டிப் பாருங்கள். கடற்படைத் தளம் இருக்கிறது. கப்பல் பாதை இருக்கிறது. ரப்பர் இருக்கிறது, ஈயம் இருக்கிறது, டாலர் இருக்கிறது. ரப்பரை வெட்டியெடுத்தவன் மட்டும் வேலைக்கு வேண்டிய கையாக அதில் இருக்கிறானே தவிர, காக்கப்பட வேண்டிய உயிராக இல்லை. இதுவே நம் குற்றச்சாட்டு. நடந்தவற்றைக் கொண்டே இதை எடுத்துக்காட்டுகிறோம்.

தளம் இருந்தது, கப்பல் இல்லை

சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்டுவதென்று 1921-ம் ஆண்டு பிரிட்டிஷ் மந்திரி சபை முடிவு செய்தது. ஜப்பானோடு 1902-ம் ஆண்டு முதல் இருந்துவந்த நட்பு உடன்படிக்கை அப்போது முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. செம்பவாங் கரையில் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தளம் எழுந்தது. அங்கே உழைத்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். சுமார் 6 கோடி பவுன் செலவு என்று சொல்லப்படும் அந்தத் தளத்தின் பெரிய கப்பல் துறை 1938 பிப்ரவரி 14-ம் தேதி கோலாகலமாகத் திறக்கப்பட்டது.

கட்டடம் இருந்தது. அதில் நிற்கவேண்டிய கப்பற்படை இல்லை! படை ஐரோப்பாவிலேயே இருக்கும்; ஆபத்து வந்தால் புறப்பட்டு வரும் என்பதே திட்டம். வந்து சேர 70 நாள் ஆகும் என்று 1937-ம் ஆண்டு கணக்கிட்டார்கள். 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதும் அந்தத் தவணை 180 நாள் ஆயிற்று. சம்பளம் இன்று, நாளை, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகும் முதலாளியை நாம் கண்டதில்லையா? அவன் புத்தகத்தில் தொழிலாளிக்கு எந்த இடமோ, லண்டன் புத்தகத்தில் மலாயாவுக்கும் அந்த இடமே.

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ம் தேதி கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால் சரியாக 70 நாள். தளம் திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. சிறைப்பட்ட படையில் 40,000-க்கு மேற்பட்டவர்கள் இந்தியச் சிப்பாய்கள்.

படை தோற்பது உலகத்தில் நடக்கக்கூடியதே. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. தோற்று ஓடும்போது யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், யாரை விட்டுவிட்டுப் போனார்கள்? அங்கேதான் மனம் வெளிப்படுகிறது.

பினாங்கில் டிசம்பர் 11-ம் தேதி குண்டு விழுந்தது. கடைத்தெருக்களில் பிணங்கள் கிடந்தன. அதற்கடுத்த சில நாட்களில் ஐரோப்பியக் குடும்பங்கள் மட்டும் இரகசியமாகக் கப்பலேற்றப்பட்டன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள் என்பதைக் காலையில் எழுந்து வெறுமையாய்க் கிடந்த கச்சேரிகளைப் பார்த்தே ஊரார் தெரிந்துகொண்டார்கள். கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கக்கூட ஆள் இல்லை. மேலும் குண்டு விழாதிருக்க அதை இறக்கியவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தின் பாதுகாப்புத் திட்டம் கடைசியில் ஒரு பத்திரிகைக்காரர் கையில் வந்து நின்றது.

தோட்டங்களில் நடந்ததையும் கேளுங்கள். எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று ரப்பர் சரக்கையும் யந்திரங்களையும் கொளுத்தும்படியும் உடைக்கும்படியும் பின்வாங்கும் படைக்கு உத்தரவு இருந்தது. ரப்பர் எதிரி கையில் சிக்கிவிடுமே என்று கவலைப்பட்டார்கள். ரப்பர் வெட்டியவன் எதிரி கையில் சிக்குவானே என்று கவலைப்பட்டவர் யார்? துரைமார் போனார்கள். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிற்று. லயத்துச் சனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தார்கள்.

சயாம் காட்டில் பெயரில்லாதவர்கள்

பிறகு வந்தது சயாம் மரண ரயில். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை ஓராண்டில் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடப்பட்டது. கூட்டணி நாடுகளின் யுத்தக் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டவர்கள் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் 2 லட்சத்துக்கு அதிகம். அவர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 பேர் என்று ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அதில் பல்லாயிரம். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பெட்டி பெட்டியாகப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று நம் குடும்பங்களில் இன்றும் பேசுகிறார்கள்.

இந்தக் கொடுமையைச் செய்தவன் ஜப்பானிய ராணுவத்தான். பழி அவனைச் சேரும். ஆனால் யுத்தம் முடிந்தபின் என்ன நடந்தது? காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்குக் கல்லறைத் தோட்டம் அமைந்தது. வரிசை வரிசையாகக் கல். அடையாளம் தெரிந்த ஒவ்வொரு சிப்பாயின் கல்லிலும் அவன் பெயர், படை, வயது. அந்தக் கல்லறைகளுக்கு நாமும் தலை வணங்குகிறோம். ஒரு மனிதனுக்குச் செய்யவேண்டிய மரியாதை அது. ஆனால் அவர்களைப்போல் ஏழு மடங்கு செத்தார்களே நம்மவர்கள், அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் உண்டா? தோட்டத்தில் செக்ரோல் இருந்தது. எந்த லயத்திலிருந்து யார் போனார்கள் என்று கேட்டு எழுத ஆள் இருந்தது. எழுதத்தான் மனமில்லை. சாகும்போதும் கூலி, செத்தபின்னும் கூலி!

அவசர காலமும் கம்பி வேலியும்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். யுத்தத்தால் கடனில் மூழ்கியிருந்த பிரிட்டனுக்கு அப்போது டாலர் தேவை. ஸ்டெர்லிங் நாடுகளில் மலாயாவைப்போல் டாலர் ஈட்டிக் கொடுத்த இடம் வேறில்லை. நாம் வெட்டிய பாலும் சீனத் தோழர்கள் தோண்டிய ஈயமுமே அந்த டாலர்.

1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசர காலம் பிரகடனமாயிற்று. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. கம்யூனிஸ்டுப் படையினர் செய்ததை நாம் மூடி மறைக்கவில்லை. பஸ்ஸைக் கொளுத்தினார்கள், மரங்களைச் சிதைத்தார்கள், தொழிலாளிகளையும் கொன்றார்கள். தோட்டத்து மக்கள் இரண்டு துப்பாக்கிக்கும் நடுவில் நின்றார்கள்.

ஆனால் காக்க வந்ததாகச் சொன்ன கை செய்தது என்ன? 1948 டிசம்பர் 12-ம் தேதி சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றவர்கள் என்று கதை கட்டினார்கள். அந்தச் சிப்பாய்களில் சிலரே பின்னால் உண்மையைச் சொன்னதால் பிரிட்டனில் விசாரணை தொடங்கியது. 1970-ம் ஆண்டு ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டது. செத்தவர்களின் குடும்பத்தார் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 நவம்பரில் அவர்கள் அப்பீல் தள்ளுபடியானது. அறுபத்தேழு ஆண்டுக்குப் பிறகும் ஒரு பகிரங்க விசாரணைகூட இல்லை. அவர்கள் பேசிய மொழி வேறு. பிடித்த கத்தியும் வெட்டிய மரமும் நம்முடையதே.

தொழிற்சங்கத்தையும் விட்டார்களில்லை. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்மேல் 1949 மே 4-ம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்கார் மன்றாடியும் பயனில்லை. அவர் கொள்கை நமக்குச் சம்மதமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஒரு தொழிலாளர் தலைவனின் உயிர் அந்தப் புத்தகத்தில் என்ன விலை பெற்றது என்பதே இங்கு வழக்கு.

1950-ம் ஆண்டு பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் இருந்த சுமார் 5 லட்சம் பேர் கம்பி வேலிக்குள் புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் வந்தன. காலையில் வேலைக்குப் போகும் பெண்களையும் வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். காட்டில் இருப்பவனுக்குப் போய்விடும் என்று மதியச் சோறு கொண்டுபோகக்கூடத் தடை. பசியோடு வெட்டிய பால் மட்டும் தடையில்லாமல் வேலியைத் தாண்டி லண்டனுக்குப் போயிற்று. வேலி எதைக் காத்தது என்று இப்போது சொல்லுங்கள்!

இருப்போம் என்றார்கள், போனார்கள்

"அதெல்லாம் காலனி ஆட்சிக் காலம். மெர்டேக்காவுக்குப் பிறகு பிரிட்டன் நமக்காக நிற்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1957-ம் ஆண்டு பிரிட்டனும் மலாயாவும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தன. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவோடு மோதல் நடந்தபோது பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் போர்னியோ எல்லையில் நம் வீரர்களோடு நின்றன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிர் கொடுத்தார்கள். இதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சூயஸுக்குக் கிழக்கே தொடர்ந்து இருப்போம் என்று 1966 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அறிக்கை சொல்லிற்று. 1967 நவம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கப்பட்டது. 1968 ஜனவரி 16-ம் தேதி பிரதமர் வில்சன் பார்லிமெண்டில் எழுந்து, 1971 முடிவுக்குள் எல்லாப் படையும் வெளியேறும் என்றார். சிங்கப்பூரின் நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்து போய்க் கெஞ்சியும் கிடைத்தது சில மாதத் தவணைதான். பல்லாயிரம் தளத் தொழிலாளர் நாளை என்ன வேலை என்று தெரியாமல் நின்றார்கள்.

வில்சனைத் திட்டி என்ன பயன்? தம் நாட்டு நாணயம் இறங்கியது. தம் நாட்டுச் செலவைக் குறைத்தார். தம் புத்தகத்தைத் தாம் பார்த்தார். பாடம் நமக்குத்தான். பிறர் புத்தகத்தில் நம் பாதுகாப்பு ஒரு செலவினம் மட்டுமே. பணமுடை வந்தால் முதலில் அடிபடுவது அதுதான்.

1971 நவம்பர் 1 முதல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பாதுகாப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அது இன்றும் இருக்கிறது. கூட்டுப் பயிற்சிகளும் நடக்கின்றன. அதில் எழுதியிருப்பது என்ன? மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வெளியிலிருந்து தாக்குதல் வந்தால், ஐந்து நாடுகளும் உடனே கலந்து ஆலோசித்து, சேர்ந்தோ தனித்தனியாகவோ என்ன செய்வதென்று தீர்மானிக்கும். அவ்வளவே.

சம்பள ஒப்பந்தத்துக்காக மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாசகம் புரியும். 'முதலாளி கொடுக்க வேண்டும்' என்பது ஒன்று. 'கொடுப்பதைப் பற்றி முதலாளி ஆலோசிப்பார்' என்பது வேறொன்று. இரண்டாவது வாசகத்தை வாங்கிக்கொண்டு வந்து வெற்றி என்று சொல்லும் சங்கச் செயலாளரை நாம் சும்மா விடுவோமா? அந்த ஏற்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருப்பது இருக்கட்டும். ஆனால் ஆலோசனையை உத்தரவாதம் என்று நினைத்துக் கண்மூடித் தூங்கக் கூடாது என்கிறோம்.

தியாகோ கார்சியா: நம்மைப்போன்ற தோட்டத்து மக்கள்

ஒரு பக்கம் தளத்தை மூடிய அதே காலத்தில், வேறொரு தளத்துக்காகப் பிரிட்டன் செய்ததைத் தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்து மகா சமுத்திரத்தின் நடுவே சாகோஸ் தீவுகள் என்று ஒரு கூட்டம். அதில் பெரியது தியாகோ கார்சியா. அங்கே வாழ்ந்தவர்கள் தென்னந்தோட்டத் தொழிலாளர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்; இந்திய இரத்தமும் கலந்தவர்கள். தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

1965 நவம்பரில், மொரீஷியஸ் விடுதலை அடைவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பே, அத்தீவுகளை மொரீஷியஸிடமிருந்து பிரிட்டன் பிரித்துக்கொண்டது. 1966-ம் ஆண்டு தியாகோ கார்சியாவை அமெரிக்கத் தளத்துக்கு 50 ஆண்டு விட உடன்பட்டது. கைம்மாறாக, போலாரிஸ் ஏவுகணை வகையில் பிரிட்டன் கொடுக்கவேண்டியதில் 1 கோடியே 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளிக் கொடுத்தது. 1968-க்கும் 1973-க்கும் இடையில் தீவு மக்கள் அனைவரும், சுமார் 1,500 முதல் 2,000 பேர் வரை, அகற்றப்பட்டு மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள்.

எப்படி இதைச் செய்ய முடிந்தது? அவர்கள் குடிமக்கள் அல்லர், ஒப்பந்தக் கூலிகள்தான் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள்! தோழர்களே, அந்தப் பேனா நமக்குப் புதிதா? தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பெற்றோரைப் புதைத்தவனைப் பார்த்து, "நீ வேலைக்கு வந்தவன்; வேலை முடிந்தது, போ" என்று சொல்லும் பேனா அது.

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரிவினை சட்டப்படி முறையாக நடக்கவில்லை, பிரிட்டன் அங்கே ஆட்சியை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆலோசனைக் கருத்துக் கூறிற்று. அந்த ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, எதிர்த்தவை 6. 2025 மே 22-ம் தேதி பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தீவுகள் மொரீஷியஸுக்கு, தியாகோ கார்சியாத் தளம் மட்டும் 99 ஆண்டு குத்தகைக்கு. ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுன். தளத்துக்கு 99 ஆண்டு எழுதினார்கள். தியாகோ கார்சியாவில் பிறந்தவன் அங்கே திரும்பிக் குடியேற ஒரு நாள்கூட எழுதவில்லை.

அந்தத் தீவில் தமிழன் கதையும் ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் ஏறிவந்த ஒரு படகு அங்கே கொண்டுசேர்க்கப்பட்டது. அடைக்கலம் கேட்டவர்களை வேலியடைத்த கூடாரங்களில் மூன்று ஆண்டு வைத்திருந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படி அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்தின் நீதிமன்றமே அந்த மாதம் தீர்ப்பளித்தது. உலகத்தைக் காக்கும் தளம் என்கிறார்கள். அடைக்கலம் தேடி வந்தவனுக்கு அங்கே கிடைத்தது கம்பி வேலி.

இன்றைய புத்தகம்

சரி, இன்றாவது புத்தகம் மாறியிருக்கிறதா? 2021 மார்ச் மாதம் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு பெரிய அறிக்கை விட்டது. இனி இந்தோ-பசிபிக் பக்கம் அதிகம் சாய்வோம் என்றது. அந்த ஆண்டே விமானம் தாங்கிக் கப்பலொன்று கிழக்கே வந்தது. அணுசக்தி நீர்மூழ்கிகளுக்காக ஆஸ்திரேலியாவோடும் அமெரிக்காவோடும் கூட்டுச் சேர்ந்தது. பிறகு 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. 2025 ஜூன் 2-ம் தேதி வந்த புதிய பாதுகாப்பு ஆய்வோ நேட்டோவுக்கே முதலிடம் என்றது. கிழக்கை விடவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் யாருக்கு முதலிடம், யாருக்கு மிச்சம் என்பது சொல்லாமலே விளங்குகிறது. அன்று 1966-க்கும் 1968-க்கும் இடையில் இரண்டு ஆண்டு. இன்று 2021-க்கும் 2025-க்கும் இடையில் நான்கு ஆண்டு. காற்று அடிக்கும் பக்கம் கொடி திரும்புகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? 2027-க்குள் ராணுவச் செலவை நாட்டு உற்பத்தியில் 100-க்கு 2.5 ஆக உயர்த்துவோம் என்று 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். அதே மூச்சில், ஏழை நாடுகளுக்குத் தரும் உதவியை 0.5-லிருந்து 0.3 ஆகக் குறைப்பதாகவும் அறிவித்தார். நாட்டைக் காக்கச் செலவு செய்வது அவர்கள் உரிமை. ரஷ்யப் படையெடுப்பைக் கண்டு ஐரோப்பா அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் பீரங்கிக்கான பில்லை ஏழை நாட்டுப் பிள்ளையின் பாலிலும் மருந்திலும் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்? செக்ரோலில் பெயரில்லாதவன் கூலியிலிருந்து எதையும் பிடிக்கலாம், கேட்க ஆளில்லை என்ற அதே பழைய வழக்கம்தான்.

நாம் கேட்பது

பாதுகாப்பே வேண்டாம் என்பவர்கள் அல்ல நாம். ஜப்பானிய ஆட்சியைக் கண்ட குடும்பத்தவன் அப்படிப் பேசமாட்டான். "பிரிட்டன் வேண்டாமென்றால் வேறு வல்லரசின் காலில் விழு" என்பாரையும் நாம் ஏற்கவில்லை. எந்த வல்லரசும் தன் புத்தகத்தைத்தான் பார்க்கும். லண்டன் ஆனாலும், வாஷிங்டன் ஆனாலும், பீக்கிங் ஆனாலும் சட்டம் ஒன்றுதான். பிரிட்டிஷ் தொழிலாளியோடும் நமக்குப் பகையில்லை. அவன் பிள்ளையும் குவாந்தான் கடலுக்கடியில் கிடக்கிறான்.

நாம் கேட்பது மூன்று.

முதலாவது, நம் பெயரால் செய்யப்படும் பாதுகாப்பு ஒப்பந்தம் எதுவானாலும், அதன் வாசகம் பார்லிமெண்டில் வைக்கப்பட வேண்டும். தொழிலாளி படிக்கும் மொழியில் வெளிவர வேண்டும். எது கடமை, எது வெறும் ஆலோசனை என்று நாம் படித்து அறிய வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்புத் திட்டம் கப்பலிலும் விமானத்திலும் தொடங்கக் கூடாது. ஆபத்து வந்தால் அரிசி எங்கிருந்து வரும்? மருந்து எங்கே? தோட்டத்திலும் கம்பத்திலும் பட்டணத்திலும் உள்ளவர்களை இன பேதமின்றி யார் காப்பது? 1941-ல் பினாங்கு மக்களுக்குக் கிடைக்காத பதில் இதுதான். இந்தப் பதில் இல்லாத திட்டம் எத்தனை கோடி வெள்ளியில் செய்தாலும் வெறும் காகிதமே.

மூன்றாவது, பழைய கணக்கை நேர் செய்ய வேண்டும். சயாமில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களின் பெயர்களை, தெரிந்த வரையிலாவது, சேகரித்து எழுத வேண்டும். பத்தாங் காலியில் நடந்ததைப் பகிரங்கமாக விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். சாகோஸ் மக்களுக்குத் தங்கள் மண்ணில் கால் வைக்கும் உரிமை வேண்டும். "பழைய கதை, மறந்துவிடுங்கள்" என்று சொல்பவர்கள் ஒன்றை நினைக்கட்டும். பழைய பாக்கியைக் கொடுக்காத முதலாளி புதிதாகக் கொடுக்கும் வாக்கை எந்தத் தொழிலாளி நம்புவான்?

இதில் ஒரு பகுதி வேலை நம்முடையதே. உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார்? பாட்டனா, பாட்டனின் அண்ணனா? அவர் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா? வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்; அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கிராணிமார்களே, உங்கள் கையில் எழுத்து இருக்கிறது. எழுதத் தெரியாத குடும்பத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். லண்டன் எழுதாவிட்டால் நாம் எழுதுவோம்.

இனியொரு கப்பல் வரும்போது கரையில் நின்று கைதட்டுமுன், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கில் எங்கள் பெயர் எங்கே?

கேட்போம்! பதில் வரும்வரை கேட்போம்!